ராஜகனி அக்காவின் ஒரே விண்ணப்பம்

செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. எங்கள் தொழிற்சாலையில் போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே யார் பிறந்தாலும் இறந்தாலும் ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அன்று மாலை போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பார்க்காமலே ஓடிவந்து பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர் இருக்கையில் ஜெயசிங் அண்ணன் இல்லை. பென்னலூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் லீவா?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி, உனக்குத் தெரியாதா? அவரு வூட்டம்மா காலைல தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. போன்ல பாக்கலியா நீ?"

போனை எடுத்துப் பார்த்தேன். என் அறையில் உடன் தங்கியிருக்கும் ஆன்டனியிடமிருந்து வரிசையாக அழைப்புகள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஒரகடம் சந்திப்பில் நெரிசலில் நின்றால் எனக்குப் பொறுக்காது. எட்டி எட்டிப் பார்ப்பேன், முணுமுணுப்பேன். அன்று எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்கு நினைவில்லை.

ராஜகனி அக்கா ஜெயசிங் அண்ணனின் மனைவி. எங்கள் தொழிற்சாலையின் தையல் பிரிவில் லைன் லீடர். இருங்காட்டுக்கோட்டையில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் எங்கள் ஜெபக்குழுவை நடத்தியவர். இவற்றில் ஏதாவது ஒரு வழியில் அவரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் எழுதிப் பழகியவன் இல்லை. மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, கார் இருக்கைகளுக்கான துணியை வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். இந்த வேலையைக் குழுவினர் என் தலையில் கட்டியதற்கு ஒரே காரணம்தான். "அவன்னா அழமாட்டான், இழுக்கமாட்டான்" என்று ஆன்டனி சொல்லிவிட்டான்.

அக்காவை நான் முதலில் பார்த்தது ஒரு சண்டையில். வேலையில் சேர்ந்த புதிது. நாங்கள் வெட்டி அனுப்பிய துணியின் ஓரம் இழுபட்டிருக்கிறது என்று, ஒரு துண்டைக் கையில் பிடித்தபடி எங்கள் பிரிவுக்கே நேராக வந்துவிட்டார். நடுத்தர வயது, கட்டையான உருவம், சீருடைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டிருந்தார்.

"இத யாரு வெட்டுனது? எம் பிள்ளைக எத்தன தரம் பிரிச்சுத் தைக்கும்?"

பிள்ளைகள் என்றால் அவருடைய லைனில் தைக்கும் பெண்கள். எனக்கும் சுருக்கென்றது.

"மெஷின் சரியாத்தான் வெட்டுது. நீங்க இழுத்து இழுத்துத் தைச்சா அப்படித்தான் வரும்."

"சரி, வந்து பாரு. வாரியா, மாட்டியா?"

போனேன். அரைமணி நேரம் இரண்டு பேரும் விடாமல் வாதாடினோம். கடைசியில் பார்த்தால் எங்களுக்கு வந்து சேர்ந்த துணிச் சுருளே மோசம். தப்பு என் பக்கமும் இல்லை, அவர் பக்கமும் இல்லை. இரண்டு பேருக்கும் ஏமாற்றமாகிவிட்டது.

"போ, இவ்வளவு கத்துனதும் வீணாப் போச்சு. டீ குடிச்சியா நீ?" என்றார்.

அதன் பிறகுதான் அவர் தூத்துக்குடிப் பக்கம் என்றும், எங்கள் பேருந்து ஓட்டும் ஜெயசிங் அண்ணனின் மனைவி என்றும் தெரிந்தது. ஜெயசிங் அண்ணன் பேசமாட்டார். ஏறும்போது வணக்கம் வைத்தால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். இவ்வளவு பேசுகிற பெண்ணுக்கு இவ்வளவு பேசாத கணவரா என்று நான் ஆன்டனியிடம் சிரித்திருக்கிறேன். அவன் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை வா, தெரியும்" என்றான்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறு ஆராதனைக்குப் போவேன். ஆனால் நீளமான ஜெபம் எனக்கு ஆகாது. ஆண்டவருக்குத் தெரிந்ததையே ஆண்டவரிடம் எதற்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆன்டனியின் நச்சரிப்புக்காகத்தான் போனேன்.

இருங்காட்டுக்கோட்டையில் சரோஜாம்மா வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. சரோஜாம்மா இந்த ஊர்க்காரர். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். வாடகைக்கு ஆள் வராமல் கிடந்த அறையைச் சனிக்கிழமை மட்டும் எங்களுக்கு விட்டிருந்தார். குழு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஷிஃப்ட் ஒத்துவந்தால் பாய் நிறையும். ஒத்துவராவிட்டால் அக்காவும் இன்னொருவரும்தான்.

அன்று பாட்டை அக்கா தொடங்கினார். நான் இதை மரியாதைக்காக மறைக்கப்போவதில்லை: அக்காவுக்குப் பாட்டு வராது. எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் எடுத்துவிட்டார். சரணத்துக்குப் போவதற்குள் எல்லாருக்கும் தொண்டை அடைத்தது. கீழே முற்றத்திலிருந்து சரோஜாம்மாவின் குரல் கேட்டது: "ராஜம்மா, சாமி செவுடு இல்ல, கொஞ்சம் கீழ எறங்கிப் பாடு." அக்கா இறங்கவில்லை. இறங்கத் தெரிந்தால்தானே.

ஆன்டனி நன்றாகப் பாடுவான். "நீ எடுக்க வேண்டியதுதானே" என்று காதில் சொன்னேன். அவன் சன்னலைக் காட்டினான். எதிரே காலி மனையில் எங்கள் கம்பெனிப் பேருந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஜெயசிங் அண்ணன் ஸ்டியரிங்கில் கைகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு முழங்காலில் நின்று ஆளாளுக்கு ஜெபித்தார்கள். அக்காவின் முறை கடைசி. ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, ஒவ்வொருவர் கஷ்டத்தையும் சொல்லி வேண்டிக்கொண்டார். முடிவில் குரலை ஏற்றாமல், இறக்காமல், பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"ஆண்டவரே, அவரு உம்மகிட்ட ஒரு வார்த்த பேசட்டும். திட்டுனாலும் சரி. வேற ஒண்ணும் நான் கேக்கல. ஆமென்."

அறைக்குத் திரும்பும் வழியில் ஆன்டனி சொன்னான். அவர்களுக்கு ஒரே மகன், ஜோயல். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தவன் பைக்கில் வரும்போது லாரியில் அடிபட்டு இறந்துபோனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெயசிங் அண்ணன் முழங்காலில் நின்று உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தாராம். உள்ளேயிருந்து வந்து சொன்னபோது பாதி வார்த்தையில் நிறுத்தியவர்தான். அதற்கு முன் அவர்தான் சபையில் பாட்டு எடுப்பவர்; நல்ல கனமான குரல். அடக்கத்துக்குப் பிறகு ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுவதைக்கூட நிறுத்திவிட்டார். அக்காவைத் தடுக்கவும் இல்லை. எங்கே ஜெபம் என்றாலும் கொண்டுபோய் விடுவார். வெளியே வண்டியில் இருப்பார். முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார்.

"அப்போ பாட்டு?" என்று கேட்டேன்.

"அது அண்ணனோட எடம். அக்கா வேற யாருக்கும் குடுக்கமாட்டாங்க. அவரு வார வரைக்கும் நான் வச்சிருக்கேன்னு சொல்லுவாங்க."

அடுத்த சனிக்கிழமையும் போனேன். ஏன் என்று கேட்டால், இந்தக் கதை எப்படி முடியும் என்று பார்க்கத்தான் போனேன் என்பதே உண்மை. முடியவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் முடியவில்லை. வாரா வாரம் அதே உச்சத்தில் பாட்டு, அதே ஒற்றை வரி விண்ணப்பம், எதிரே அதே பேருந்து. ஒருமுறை மட்டும், ஒரு பழைய பாட்டை அக்கா ராகமே மாறிப்போகும் அளவுக்கு இழுத்துக்கொண்டு போனபோது, பேருந்தின் ஹாரன் அடித்தது. நீளமாக, ஒரே ஒருமுறை. எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டோம். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"கேக்குதாரு," என்றார். "அவரு எடுத்த பாட்டுலா. பொறுக்கல அவருக்கு." பிறகு அதே தப்பான ராகத்தில் அடுத்த சரணத்தைத் தொடங்கினார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் கேன்டீனில் வைத்து நேராகவே கேட்டுவிட்டேன்.

"அக்கா, ஒரு மெஷின்ல ஒரே கமாண்டைத் தெனமும் குடுக்கிறோம், ஒண்ணும் நடக்கல. அப்போ கமாண்டை மாத்தணும், இல்லன்னா மெஷினை மாத்தணும். நீங்க வருஷக்கணக்கா ஒரே வரியச் சொல்லிட்டிருக்கீங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கோபப்படவில்லை.

"மெஷின்னா மாத்தலாம். அவரு ஆளுல்லா."

"யாரு, அண்ணனா, ஆண்டவரா?"

"ரெண்டு பேரும்தான். ஆளுன்னா கேட்டுக்கிட்டேதான் இருக்கணும். நீ உங்க அம்மைட்ட லட்டு ஒரே தரம் கேட்டுட்டு விட்டியோ? சாப்பிடு, ஆறுது."

எனக்கு அது பதிலாகப் படவில்லை. அவர் அதைப் பதிலாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. அப்பளம் நமத்துப்போயிருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வருஷம் ஊரில் என் அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் "ஜெபிக்கிறோம்" என்றார்கள். போனில் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். நான் எரிச்சலில் பதில்கூடப் போடவில்லை. அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்கு வரும்போது என்னைப் பிடித்துக்கொள்வார்.

"அப்பாவுக்கு இன்னைக்கு வாயு பிரிஞ்சுதா?"

பேருந்தே திரும்பிப் பார்க்கும். நான் கூச்சத்தில், "அக்கா, மெதுவா" என்பேன்.

"என்ன மெதுவா? ஆபரேஷனுக்கு அப்புறம் அதுதானப்பா முக்கியம். எது வேணும்னு தெரிஞ்சாத்தானே கேக்க முடியும்? பொத்தாம் பொதுவா ஆசீர்வதியும்னு கேட்டா அவரு என்னத்தக் குடுப்பாரு?"

அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் தினமும் வீட்டுக்குப் போன் செய்து விவரம் கேட்க வேண்டியிருந்தது. கஞ்சி இறங்கியதா, காய்ச்சல் விட்டதா, எழுந்து நடந்தாரா. அதுவரை அப்பாவும் நானும் போனில் பேசிக்கொண்டது எப்போதும் "பணம் வந்ததா", "வந்தது" என்ற அளவில்தான். அப்பா பிழைத்து இப்போது நன்றாக இருக்கிறார். டாக்டர் பிழைக்க வைத்தார், மருந்து பிழைக்க வைத்தது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் என் அப்பாவின் குடல் ஓட்டத்தைப் பற்றிக் கடவுளிடம் தினமும் சரியான விவரத்தோடு பேசியவர் ஒருவர் இருந்தார். அந்த நன்றியை நான் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் "சரி சரி, நகரு" என்றிருப்பார். இங்கே சொல்லிவிடுகிறேன்.

சங்கிலி ஜெபத்தைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்லி முடியாது. ஒரு நாள் முழுவதையும் மணி மணியாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டில் முழங்காலில் நிற்பதற்குத்தான் அந்தப் பெயர். ஒருவர் விடும்போது அடுத்தவர் பிடித்திருக்க வேண்டும். மூன்று ஷிஃப்டிலும் சிதறிக் கிடக்கும் ஆட்களை வைத்து இதை நடத்துவது லேசில்லை. அதனால் அக்கா ஒரு விதி வைத்திருந்தார். தொடங்குகிறவர், தனக்கு முந்தியவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அது வரும்வரை முந்தியவர் எழுந்திருக்கக் கூடாது.

ஒரு தடவை அக்காவுக்கு விடியற்காலை மணி. அடுத்தது ஆன்டனி, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து பிடிக்க வேண்டியவன். அவனை ஓ.டி. என்று நிறுத்திவிட்டார்கள். போன் லாக்கருக்குள். எங்களுக்கு இது எதுவும் தெரியாது. நான் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பி வந்தால், பேருந்து நிற்கிறது, ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஓட்டுநரைக் காணோம். அக்காவும் இல்லை. எல்லாருக்கும் முந்திக்கொண்டு நான் பின் தெருவிலிருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா கட்டிலோரம் முழங்காலில் இருந்தார். பக்கத்தில் போன். ஜெயசிங் அண்ணன் வண்டிச் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் இவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன்.

"ஏ ராஜம், போதும் எந்தி. வண்டி நிக்கி."

"அவன் கூப்பிடலியே."

"தூங்கிருப்பான்."

"அப்போ முழிக்கட்டும்."

"ஒனக்கு ஷிஃப்ட் இல்லையா?"

"இருக்கு. ஆள் வந்தா போறேன்."

நான் உள்ளே தலையை நீட்டி, "அக்கா, நான் பிடிச்சுக்கிறேன், நீங்க கிளம்புங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்னோட மணி சாயங்காலம்லா. நீ வேலைக்குப் போ" என்றார்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு ஆள் கொறஞ்சா என்ன ஆயிரும்? உலகம் நின்னா போயிரும்?"

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். குத்தலாகவோ கெஞ்சலாகவோ இல்லை. கடைக்குப் போகிறவரிடம் சாமான் சொல்வதுபோல, "நீங்க வச்சுக்கிடுதீங்களா? அப்போ எந்திக்கேன்" என்றார்.

எனக்கு மறுத்ததை அவருக்குக் கொடுத்தார். அண்ணன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். நான் அங்கே நின்றிருக்கக் கூடாது என்று தோன்றியது, ஆனால் நகரவும் முடியவில்லை. பிறகு அவர் விறுவிறுவென்று வெளியே வந்து வண்டியில் ஏறினார். நானும் ஓடி ஏறிக்கொண்டேன். அப்படி ஒரு வேகத்தில் எங்கள் பேருந்து அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

கம்பெனி வாசலில் எங்களை இறக்கிவிட்டு, நேராக செக்யூரிட்டியிடம் போனார்.

"மெயின்டெனன்ஸ்ல ஆன்டனின்னு ஒரு பையன். வெளிய வரச் சொல்லுங்க."

"இன்னா மேட்டரு? எமர்ஜென்சியா?"

"ஜெபத்துக்கு ஆள் மாத்தணும்."

"யோவ், காத்தாலயே கலாய்க்கிறியா? ஆளு உள்ள மெஷின்ல கீறாம்பா."

"அவன் வராட்டி எம் பொண்டாட்டி எந்திக்கமாட்டா. பாத்துக்கிடுங்க."

பெண்டாட்டி எழுந்திருக்கவில்லை என்றதும் செக்யூரிட்டி வேறு மாதிரி புரிந்துகொண்டு பதறிப்போய்ப் போனைச் சுழற்றினார். ஆன்டனி கிரீஸ் கையோடு ஓடிவந்தான்.

"அண்ணே, அக்காவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவல. லாக்கரத் தொறந்து அவளுக்கு ஒரு மிஸ்டு கால் குடுல. முட்டி போயிரும் அவளுக்கு."

ஆன்டனி மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டி அறையின் பின்பக்கம் நின்றபடியே தன் மணியை முடித்தான். அவனுடைய சூப்பர்வைசர் அவனைக் கேட்டது தனிக் கதை. அக்காவுக்கு அன்று ஆப்சென்ட். மறுநாள் காரணம் கேட்டபோது, "எனக்கு அடுத்து வர வேண்டிய ஆள் வரல சார்" என்றிருக்கிறார். ஏதோ வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்து அவர்களும் விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் குழுவில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அக்காவும் சிரிப்பார். ஆனால் அவர் எப்போதும் உறுதியாக இருந்தார் என்று எழுதினால் அது பொய். போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. ஜோயலின் நினைவு நாள் அந்த வாரத்தில்தான் வந்திருந்தது. அவர் முறை வந்தது. தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, இன்னைக்கு எனக்கு ஒண்ணும் வரல. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கி. நீரு இருக்கீரோ இல்லையோன்னுகூட வருது. ஆனாலும் வந்துட்டேன். வந்தத வச்சுக்கிடும்" என்றார். பிறகு பழைய வரியைச் சொன்னார். அவரு உம்மகிட்ட ஒரு வார்த்த பேசட்டும்.

விசுவாசத்தைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பாதியில் எழுந்தும் போயிருக்கிறேன். அந்த மழையில் நான் எழுந்து போகவில்லை. சந்தேகம் வந்த பிறகும் ஒருவர் அதே இடத்துக்கு வந்து அதே ஆளிடம் அதையே கேட்கிறார் என்றால், அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சில மாதங்கள்தான் ஆகின்றன. அக்கா போய்விட்டார்.

தெற்கிலிருந்து உறவினர்கள் வேன் பிடித்து வந்தார்கள். உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஜெயசிங் அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "எம் பிள்ளை இங்க கெடக்கான். இவ மட்டும் அங்க போயி என்ன செய்வா?" ஜோயலை அடக்கம் செய்திருந்த, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியுள்ள கல்லறைத் தோட்டத்தில் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள்.

ஆலயத்தில் ஆராதனை நடந்தது. பெட்டியின் தலைமாட்டைச் சுமந்து வந்தவர் அண்ணன்தான். வாசற்படி வந்ததும் நின்றார். பக்கத்தில் நான் இருந்தேன். "பிடி" என்றார். அவர் இடத்தில் நான் தோள் கொடுத்தேன். அவர் உள்ளே வரவில்லை. பாட்டை யார் எடுப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கடைசியில் ஆன்டனி எடுத்தான். சரியான சுருதியில், எல்லாருக்கும் எட்டுகிற மாதிரி இருந்தது பாட்டு. எனக்கு அது பிடிக்கவில்லை.

கல்லறையில் நல்ல வெயில். தையல் பிரிவுப் பெண்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். சரோஜாம்மா ஒரு முழம் மல்லிகையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, போடலாமா கூடாதா என்று தெரியாமல் ஓரமாக நின்றார். தையல் பெண் ஒருத்தி கையைப் பிடித்து அழைத்து வந்து போடச் சொன்னாள். போதகர் அடக்க ஜெபத்தை முடித்தார். வழக்கத்துக்காக, "குடும்பத்தில் யாராவது ஜெபிக்கிறீங்களா?" என்று உறவினர்கள் பக்கம் பார்த்துக் கேட்டார். அக்காவின் தம்பி ஓரடி முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. எனக்குப் பழக்கமில்லாத குரல், கனமாக, கரகரத்து. ஜெயசிங் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழியருகே வந்தார். அவர் கண்ணை மூடவில்லை, கைகளைக் கட்டவும் இல்லை. பெட்டியைப் பார்த்துப் பேசினார். அது அக்காவிடம் பேசுவது இல்லை என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உம்மகிட்ட பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். பிள்ளைக்குன்னு கேட்டேன், நீரு கேக்கல. அதோட விட்டேன். இவ விடல. இவ்வளவு வருஷமும் கெஞ்சுனா. எனக்குன்னு கெஞ்சுனா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சா. எனக்கு எல்லாம் கேட்டுது. ஒமக்குக் கேக்கலியா? இவளையும் எடுத்துக்கிட்டீரு. என்ன நியாயம் இது? எனக்குப் புரியல. நீரும் சொல்ல மாட்டீரு."

போதகர் கையை உயர்த்தப் பார்த்து, இறக்கிக்கொண்டார். உறவினர் ஒருவர், "மாப்ள, போதும்" என்று தோளைத் தொட்டார். அண்ணன் அந்தக் கையை விலக்கினார். மூச்சு வாங்கியது. சாலையில் டிரெய்லர் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் முழுவதும் இறங்கிப்போய்ச் சொன்னார்:

"அவளுக்குக் குளிரு ஆகாது. ராத்திரி போர்வைய உதறிருவா, அப்புறம் நடுங்குவா. நாந்தான் மூடிவிடுவேன். பாத்துக்கிடும்."

ஆமென் சொல்லவில்லை. திரும்பிவிட்டார். திட்டுவதில் தொடங்கி எங்கே வந்து நின்றிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. அது ஒரு விண்ணப்பம். பொத்தாம் பொதுவாக இல்லை. என்ன வேண்டும் என்று விவரம் சொல்லிக் கேட்ட விண்ணப்பம். முதலில் ஆமென் சொன்னது நான்தான். சத்தமாகச் சொன்னேன். அதன் பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

அக்கா அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. இரண்டு நாள் முன்னால் நடந்திருந்தால் என்ன? இந்த ஆத்திரம் இன்னும் முழுவதும் போகவில்லை. ஆனால் அக்கா கேட்டது தன் காதில் விழ வேண்டும் என்பதல்ல. அண்ணனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை நடக்க வேண்டும் என்பதுதான். நடந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்த ஒருவரோடு சில வருஷங்கள் ஒரே பாயில் முழங்காலில் நிற்கக் கிடைத்ததற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். அவசரக்காரனான எனக்கு அது கிடைத்திருக்கவே வேண்டியதில்லை.

மண் போட்டு முடித்ததும், வந்தவர்கள் எப்படித் திரும்பிப் போவது என்று நின்றோம். ஜெயசிங் அண்ணன், "ஏறுங்க" என்றார். அன்று கம்பெனி பேருந்தைக் கொடுத்திருந்தது. வேறு யாராவது ஓட்டட்டும் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. நான் முன் இருக்கையில் உட்கார்ந்தேன். ஓட்டுநருக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் எனக்கு அவர் முகம் தெரிந்தது. கண் சாலையில் இருந்தது. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சில சமயம் தலையை ஆட்டினார், ஒத்துக்கொள்ளாதவர் ஆட்டுவதுபோல. மறுபடி உதடுகள் அசைந்தன. என்ன சொல்லிக்கொண்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. அது என்னிடம் சொன்னது இல்லை.

அக்கா, நிம்மதியாக இருங்கள். அண்ணன் பேசிக்கொண்டிருக்கிறார்.